எந்தச் சொல்லில் துயரம், யார் கையில் தீர்வு? ஆப்பிரிக்கப் பணியிடங்களும் இணையவழி உளவியல் ஆலோசனையும்

நைரோபியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரியும் ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். நிறுவனம் தன் ஊழியர்களுக்காக ஓர் இணையவழி மனநலச் சேவையை விலைக்கு வாங்கியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அவர் கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறக்கிறார். முதலில் வருவது ஒரு வினாப்பட்டியல். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் மனம் சோர்ந்திருந்தது, எத்தனை நாட்கள் எதிலும் நாட்டமில்லாமல் போனது என்று ஒன்பது கேள்விகள்; எல்லாம் ஆங்கிலத்தில். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பகல் முழுவதும் அதில்தான் மின்னஞ்சல் எழுதுகிறார். வீட்டில் பேசுவது லுவோ, பேருந்தில் சுவாஹிலி, நண்பர்களிடம் ஷெங் எனப்படும் நைரோபியின் கலப்புமொழி. தன்னை உறங்கவிடாமல் செய்யும் ஒன்றுக்கு இந்த நான்கில் எதில் பெயர் இருக்கிறது என்று செயலி அவரிடம் கேட்பதில்லை. அவர் ஒன்பது கேள்விகளுக்கும் எண்களைக் குறிக்கிறார். மூச்சுப் பயிற்சி ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது.

ஊழியர் கற்பனை, அவருக்கு வழங்கப்படும் சேவை கற்பனையன்று. லாகோஸ், நைரோபி, ஜோகன்னஸ்பர்க் போன்ற நகரங்களில் காணொளி வழியாகவும் குறுஞ்செய்தி வழியாகவும் உளவியல் ஆலோசனை தரும் சேவைகள் கடந்த பத்தாண்டுகளில் வளர்ந்துள்ளன. அவற்றில் பல, தனிநபர்களுக்கு மட்டுமன்றி நிறுவனங்களுக்கும் ‘ஊழியர் நலத் திட்டம்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இணைய வசதி, கட்டணம், மனநோய் குறித்த களங்க உணர்வு ஆகிய மூன்றைச் சுற்றியே நடக்கிறது. மூன்றும் முக்கியமானவைதாம். ஆனால் உளவியல் ஆலோசனை என்பது பேச்சால் ஆன மருத்துவம். துயரத்துக்கு எந்தச் சொல் வழங்கப்படுகிறதோ, அந்தச் சொல்லே துயரத்தின் காரணத்தை எங்கே தேட வேண்டும் என்பதையும் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. பணியிடச் செயலிகளின் சொல்வழக்கு அந்தக் காரணத்தை ஊழியருக்குள்ளேயே தேடுகிறது. ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள சொற்களோ வேறு இடங்களைச் சுட்டுகின்றன. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத சேவை எத்தனை கைப்பேசிகளில் நிறுவப்பட்டாலும் குறையுடையதாகவே இருக்கும்.

முதலில் இணையவழிச் சேவையின் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆப்பிரிக்க வட்டாரத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு 1.4 மனநலப் பணியாளர்களே இருந்தனர். உலகச் சராசரி 9. மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் இருக்கிறார்கள். இத்தகைய நிலையில், ஒரு சிற்றூர்க் கிளையில் பணிபுரியும் வங்கி ஊழியர் தொலைவிலுள்ள ஆலோசகர் ஒருவருடன் பேச முடிவது சிறிய நன்மையன்று. முகம் தெரியாமல் பேச முடிவது மற்றொரு நன்மை. கென்யாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 226ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜனவரியில்தான். கானா அத்தகைய சட்டத்தை 2023இல் கைவிட்டது. நைஜீரியாவில் காலனியக் கால மரபில் வந்த 1958ஆம் ஆண்டின் பித்தர் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய தேசிய மனநலச் சட்டம் ஒப்புதல் பெற்றதும் 2023 ஜனவரியில்தான். சாக நினைத்ததை வாய்விட்டுச் சொல்வதே வழக்குக்கு இடமளிக்கலாம் என்று அஞ்சிய சமூகங்களில், திரையின் மறைவு ஒரு பாதுகாப்பு. எனவே இணையவழி ஆலோசனை வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நைரோபியின் மதாரி மனநல மருத்துவமனையில் பணியாற்றிய ஜே. சி. கரோதர்ஸ் எழுதி, 1953இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வுநூல், ஆப்பிரிக்கர்களிடம் மனச்சோர்வு நோய் அரிது என்றது. மூளையின் முன்பகுதி அறுவைக்கு உள்ளான ஐரோப்பியரோடு ஆப்பிரிக்கரின் உளநிலையை ஒப்பிடவும் அது தயங்கவில்லை. இனவாதம் இங்கே வெளிப்படை. அதன் உள்ளே முறையியல் பிழை ஒன்றும் உண்டு: ஐரோப்பிய மருத்துவம் தன் சொல்லைக் கொண்டுபோய்த் தேடியது, அந்தச் சொல் கிடைக்கவில்லை, ஆகவே அந்தத் துயரமே இல்லை என்று முடிவுசெய்தது.

அதே 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்ற ஃபிரான்ஸ் ஃபனோன் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து சந்தித்தார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் பலனளித்த குழுச் சிகிச்சை முறைகள் முஸ்லிம் ஆண்கள் பிரிவில் தோற்றன. அவருக்கு அரபுமொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேச வேண்டியிருந்தது. தோல்விக்கு நோயாளிகளைக் குறைசொல்லாமல், தங்கள் முறையே அந்தப் பண்பாட்டை அறியாமல் அமைந்ததுதான் காரணம் என்று அவரும் அவருடைய மாணவர் ழாக் அசூலேயும் 1954இல் எழுதினார்கள். அதே ஆண்டில் நைஜீரியாவின் அபேயோகூட்டாவில் மனநல மருத்துவர் தாமஸ் அடியோயே லாம்போ ஆரோ கிராமத் திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிகள் உறவினர் ஒருவருடன் அக்கம்பக்கத்துக் கிராம வீடுகளில் தங்கி, பகலில் மருத்துவமனைக்கு வந்து சென்றனர். தன் சொந்தச் சூழலை விட்டு, தன் மொழியைக் கேட்காத சுவர்களுக்குள் அடைபடும் மனிதர் எளிதில் குணமடைய மாட்டார் என்ற புரிதல், இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்க மண்ணில் செயல்வடிவம் பெற்றுவிட்டது.

சொற்களுக்கு வரலாம். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்றொரு சொல் வழங்குகிறது. ‘ஃபுங்’ என்பது எண்ணுதல் என்னும் பொருளுடைய வேர். ‘இசிஸ்’ என்பது வினையின் மிகுதியைக் காட்டும் ஒட்டு. அளவுக்கு மீறி எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது சொல்லின் பொருள். சுவாஹிலியில் மன அழுத்தத்தைக் குறிக்க வழங்கும் ‘ம்சோங்கோ வா மவாசோ’ என்ற தொடருக்கு எண்ணங்களின் நெருக்குதல் என்பது நேர்ப்பொருள். ருவாண்டாவில் 1994ஆம் ஆண்டு இனப்படுகொலைக்குப் பின் மக்கள் தங்கள் அதிர்ச்சியைச் சொல்லப் பயன்படுத்திய ‘இஹஹமுகா’ என்ற கின்யருவாண்டாச் சொல், மூச்சே அற்றுப்போகும் திகிலைக் குறிப்பது. உகாண்டாவின் மசாக்கா, ரகாய் மாவட்டங்களில் பால் போல்டனும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, லுகாண்டா மொழியில் தன்னைத்தானே வெறுத்தல், தன்மீதே இரங்குதல் என்னும் பொருளுடைய இரு சொற்களிலிருந்து தொடங்கியது. மக்கள் ஏற்கெனவே பெயரிட்டிருந்த துயரங்களை அளந்து, அவற்றுக்குச் சிகிச்சை தந்ததால்தான் அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

இவற்றை வெறும் மொழிபெயர்ப்பு இணைகளாகக் கொள்வது தவறு. ‘மனச்சோர்வு’ என்பது ஒருவரின் நிலையைக் குறிக்கும் பெயர்; எதைப் பற்றிய சோர்வு என்று அது கேட்பதில்லை. ‘அளவுக்கு மீறி எண்ணுதல்’ என்பது செயல். எதைப் பற்றி எண்ணுகிறீர்கள் என்ற கேள்வியை அது உடனே எழுப்புகிறது. அந்தக் கேள்விக்கு வரும் விடைகளோ வாடகை பாக்கி, கணவரின் அடி, மகனின் நோய், வராத சம்பளம். ஷோனாச் சொல் ஒருவரின் மனத்திலிருந்து அவருடைய வாழ்க்கையை நோக்கி விரல் நீட்டுகிறது.

ஹராரேயின் ‘நட்பிருக்கை’த் திட்டத்தின் வெற்றிக்கு இதுவே அடித்தளம். 2005இல் ஜிம்பாப்வே அரசு நடத்திய குடிசை அகற்றும் நடவடிக்கையில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை கூறியது. அடுத்த ஆண்டு, மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா ம்பாரே குடியிருப்புப் பகுதியில் வேலையைத் தொடங்கியபோது அவருக்குக் கட்டடமும் செவிலியரும் கிடைக்கவில்லை; பதினான்கு பாட்டிமார்கள் கிடைத்தார்கள். மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு மர இருக்கை போடப்பட்டது. மனநல இருக்கை என்று அதற்குப் பெயர் வைத்தால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிமார்களே சொல்ல, யோசனை பகிரும் இருக்கை என்னும் பொருளில் ஷோனாவில் பெயர் மாறியது. சிகிச்சையின் படிகளும் ஷோனாவிலேயே அமைந்தன: மனத்தைத் திறத்தல், உயர்த்துதல், உறுதிப்படுத்துதல். வந்தவர் தன் சிக்கல்களைச் சொல்கிறார். அவற்றில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள்.

இதன் பலன் வெறும் நெகிழ்ச்சிக் கதையாக நின்றுவிடவில்லை. ஹராரேயின் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவுகள் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தன. இருக்கையில் அமர்ந்து பேசியவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே நீடித்தன. இந்த ஆய்வில் பங்கேற்பாளர்களைத் தெரிவுசெய்ய உதவிய ஷோனா வினாப்பட்டியலை 1990களில் ஹராரேயில் உருவாக்கியவர் இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேல். மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும் தொடர்களைக் கேட்டுத் தொகுத்து, அவற்றிலிருந்தே கேள்விகள் உருவாக்கப்பட்டன. வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பதற்கும் ஒரு மொழிக்குள்ளிருந்து வினாப்பட்டியலை எழுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இப்போது பணியிடத்துக்குத் திரும்பலாம். ஊழியர் நலச் செயலிகளின் மையச் சொல் மீள்திறன். அழுத்தம் வரும், அதைத் தாங்கி மீளும் திறனை ஊழியர் வளர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சொல்லின் இலக்கணத்திலேயே எழுவாய் ஊழியர். அழுத்தம் தருபவர் வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. கூடுதல் வேலைநேரம், நிலையற்ற ஒப்பந்தம், அவமதிக்கும் மேலாளர், தாமதமாகும் ஊதியம் ஆகியவை எல்லாம் ‘அழுத்தம்’ என்ற ஒற்றைப் பெயர்ச்சொல்லுக்குள் கரைந்துவிடுகின்றன. தீர்வு ஊழியரின் மூச்சில் தேடப்படுகிறது.

இதன் மிகக் கொடிய வடிவத்தை நைரோபி கண்டுவிட்டது. சமூக ஊடகங்களில் வரும் கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறைக் காணொளிகளைப் பார்த்து நீக்கும் வேலைக்கு அங்கே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பலர் எத்தியோப்பியா, சோமாலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த காரணமே அவர்களின் தாய்மொழிகள்தாம்: அம்ஹாரிக், சோமாலி, சூலு மொழிப் பதிவுகளைப் படிக்க அந்த மொழிகள் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. 2022இல் தென்னாப்பிரிக்கரான டேனியல் மோட்டாங் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாமீதும் ஒப்பந்த நிறுவனத்தின்மீதும் நைரோபியில் வழக்குத் தொடுத்தார். 2023இல் மேலும் 180க்கும் மேற்பட்டோர் வழக்காடினார்கள். அவர்களில் 140க்கும் மேற்பட்டோருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருப்பதாக, கென்யாட்டா தேசிய மருத்துவமனையின் மனநலத் துறைத் தலைவர் அளித்த மருத்துவ அறிக்கைகள் 2024 டிசம்பரில் வெளியே தெரிந்தன.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, ஆலோசனை வசதியே இல்லை என்பதன்று. ஒப்பந்த நிறுவனங்கள் ஊழியர்களுக்கு உளவியல் ஆலோசனையும் ஆதரவும் வழங்க வேண்டும் என்று தன் ஒப்பந்தங்கள் கோருவதாகவே மெட்டா கூறியது. அந்த ஆதரவு போதுமானதாக இல்லை என்பதே ஊழியர்களின் குற்றச்சாட்டு. இறுதித் தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்கத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதரின் தாய்மொழி, கொடூரத்தைப் பார்க்கும் கருவியாக எட்டு மணி நேரம் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. பார்த்ததைச் சொல்லி அழ அதே மொழி அவருக்கு மீண்டும் தரப்படுகிறதா? தரப்பட்டாலும், நாளை காலை மறுபடியும் அதே காணொளிகளின் முன் அவர் உட்கார வேண்டும் என்றால், ஆலோசனை எதைக் குணப்படுத்துகிறது?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தாய்மொழி எப்போதும் புகலிடம் அல்ல என்பதே அது. மதக் கண்டிப்பும் குடும்ப மானமும் குழந்தைப்பருவத்து அடியும் தாய்மொழியில்தான் குடியிருக்கின்றன. தன் பாலியல் விருப்பத்தையோ சாக நினைத்ததையோ யொரூபாவில் சொல்லக் கூசும் ஒருவர் ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்லிவிடக்கூடும். பிறமொழி தரும் விலகல் சிலருக்குத் துணிவைத் தருகிறது. மரத்தடிப் பாட்டி அக்கம்பக்கத்தவர் என்பதாலேயே அவரிடம் பேசத் தயங்குவோரும் இருப்பார்கள்.

இந்த மறுப்பு சரியானது. அது இந்த வாதத்தைத் திருத்திச் செழுமைப்படுத்துகிறது. ஆப்பிரிக்க நகரவாசி ஒரு மொழிக்காரர் அல்லர். கூகி வா தியாங்கோ தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: கிகூயுவில் பேசிப் பிடிபட்ட மாணவர்கள் பிரம்படி பெற்றார்கள் அல்லது தங்களை முட்டாளென்று பறைசாற்றும் தகட்டைக் கழுத்தில் சுமந்தார்கள். அந்த வகுப்பறையில் ஆங்கிலம் கற்பவர் ஆங்கிலத்தோடு மறைத்தலையும் கற்கிறார். அலுவலகத்தில் அவர் திறமையாகப் பேசுவது அந்த மொழியில்தான்; திறமையாக மறைப்பதும் அந்த மொழியில்தான். ஆகவே தாய்மொழி மட்டும் என்ற விதியும் வேண்டாம், ஆங்கிலம் மட்டும் என்ற விதியும் வேண்டாம். ஒரு வாக்கியத்தின் நடுவில் மொழிமாறும் உரிமையும், அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து வரக்கூடிய செவியும் வேண்டும். எந்த இடத்தில் ஒருவர் ஆங்கிலத்தை விட்டு லுவோவுக்குத் தாவுகிறார் என்பதே ஆலோசகர் கவனிக்க வேண்டிய செய்தி. ‘மொழியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று தொடக்கத்திலேயே ஒற்றை மொழியில் பூட்டிவிடும் செயலி இந்தச் செய்தியைத் தவறவிடுகிறது. தானியங்கி உரையாடல் நிரல்களை ஆலோசகரின் இடத்தில் வைக்கத் துடிப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு செலவு பற்றியது. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ இரண்டாயிரம் மொழிகள். எல்லாவற்றிலும் ஆலோசகர்களை எப்படி நியமிப்பது? இந்தக் கணக்கு மிரட்டுவதற்காகச் சொல்லப்படுவது. சுவாஹிலி, ஹவுசா, அம்ஹாரிக், யொரூபா, சூலு போன்ற சில மொழிகளில் தொடங்கினாலே கோடிக்கணக்கானோரை எட்டலாம். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் ஆலோசனை தர முடியும் என்பதை ஹராரே நிறுவிவிட்டது. பட்டம் பெற்ற உளவியலாளர்கள் குறைவு. கேட்கப் பயிற்றுவிக்கத் தக்கவர்கள் குறைவல்லர். எழுத்தைவிடக் குரலுக்கு முதலிடம் தரும் சேவை, எழுதிப் பழகாத மொழிகளிலும் இயங்கும்.

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது: பணம் கொடுப்பவர் யார்? நிறுவனம் வாங்கிய சேவையில் ஊழியர் தன் மேலாளரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தொகுப்புத் தரவு மட்டுமே நிறுவனத்துக்குச் செல்லும் என்ற உறுதிமொழி, பன்னிரண்டு பேர் பணிபுரியும் ஒரு கிளையில் எத்தனை பேரைக் காக்கும்? அச்சம் ஆதாரமற்றதன்று. பயனர்களின் மனநலத் தரவுகளை விளம்பர நோக்கில் பிற நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டில், பெரிய இணையவழி ஆலோசனை நிறுவனம் ஒன்று 78 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் ஆணையிட்டது. கென்யா 2019இலும் நைஜீரியா 2023இலும் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றியுள்ளன. பணியிட ஆலோசனைக்கு அவை எவ்வளவு கடுமையாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதில்தான் ஊழியரின் நாவு கட்டுண்டிருக்கிறது.

இவை எல்லாம் மாதச் சம்பளம் பெறுவோரைப் பற்றிய பேச்சு என்பதையும் மறக்கலாகாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி ஆப்பிரிக்காவின் வேலைவாய்ப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு முறைசாராதது. சந்தையில் தக்காளி விற்பவருக்கும் மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டுநருக்கும் ஊழியர் நலத் திட்டம் வாங்கித்தர முதலாளி இல்லை. பணியிட மனநலம் என்ற சொல்லே பெரும்பான்மை உழைப்பாளரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறது. அவர்களை எட்டக்கூடியது பொதுச் சுகாதார நிலையத்தின் வாசலில் இடப்பட்ட இருக்கையும், அதன் நீட்சியாக அமையும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுமே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆலோசகர் எந்தெந்த மொழிகளில் கேட்கத் தகுதியுடையவர் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். வினாப்பட்டியல்கள் அந்தந்த மொழிச் சமூகத்தின் சொற்களிலிருந்து உருவாக வேண்டும். இதில் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழக மொழியியல் துறைகளுக்கு உளவியல் துறைகளுக்கு நிகரான இடம் வேண்டும். தரவின் உரிமை ஊழியருடையதாக இருக்க வேண்டும். அனைத்திலும் முதன்மையாக, ஆலோசனை அறையில் மீண்டும் மீண்டும் கேட்கும் பணியிடக் காரணங்கள், சொன்னவரின் அடையாளம் நீக்கப்பட்டு, தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் துறையையும் எட்ட வழி இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள்கூட, தனிநபர் ஆலோசனையோடு நில்லாமல், வேலைச்சுமை போன்ற பணியிட ஆபத்துகளையே மாற்றும் நடவடிக்கைகளைப் பரிந்துரைக்கின்றன.

நைரோபி ஊழியரின் இரவு பதினொரு மணிக்கே திரும்பலாம். அவருக்கு வேண்டியது ஒன்பது கேள்விகளின் சிறந்த மொழிபெயர்ப்பு மட்டுமன்று. எதை நினைத்து நினைத்து உறக்கம் போனது என்று யாராவது அவரிடம் கேட்க வேண்டும். விடை அவருடைய அலுவலகத்தைச் சுட்டுமானால், அந்த விடை அலுவலகம் வரை போய்ச் சேரவும் வேண்டும்.